கைப்பழக்கம் யாருக்கு உரியது?

கொல்லன் புதிய சம்மட்டி ஒன்றை வாங்கும்போது இரும்பின் எடையை நோக்குமுன் அதன் பிடியைக் கையிற் பற்றிப் பார்க்கிறான். பல்லாண்டு வேலையினால் அவன் கை ஒரு பிடிக்குப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் குலைந்தால் அடி தவறும். அடி தவறினால் வேலை கெடும். உலைக்களத்தில் விளங்கும் இவ்வுண்மை எழுத்து வேலைக்கும் பொருந்தும். பேனாவை விட்டுத் தட்டெழுத்துப் பொறிக்கு வந்தவர்களும், பொறியை விட்டுக் கணினிக்கு வந்தவர்களும் தத்தம் கைகளைப் புதிதாகப் பயிற்ற வேண்டியவர்களாயினர். கணினிக்கு வந்த பின்னரும் அத்தொல்லை ஒழியவில்லை. ஒரு மென்பொருளை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் விரல்கள் கற்றவை வீணாகும் நிலை ஏற்பட்டது. அவ்வாறு வீணாகாதபடி, பழகிய விசைகளைப் புதிய இடத்துக்கும் உடன்கொண்டு செல்ல மனிதர் செய்த முயற்சிக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவில் ஒரு பெரிய வழக்கும் உண்டு. கைப்பழக்கம் யாருக்கு உரியது, கருவியைச் செய்தவனுக்கா, அதனைக் கற்றவனுக்கா என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

குறுக்குவிசை என்பது யாதென முதலில் அறிந்துகொள்வோம். கணினியில் எழுதிய ஒரு பகுதியை அழிக்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ, ஒரு சொல்லைத் தேடவோ விரும்பும் ஒருவர், திரையிலுள்ள பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிராமல், இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி அக்காரியத்தை முடிக்கலாம். இவ்விசைச் சேர்க்கையே குறுக்குவிசை எனப்படும். முதல் நாளில் மனம் நினைக்கிறது, கை செய்கிறது. ஓராண்டு சென்றபின் மனம் நினைப்பதில்லை, கை தானே செய்கிறது. தேர்ந்த தட்டெழுத்தாளரிடம் ஓர் எழுத்து எந்த இடத்தில் உள்ளது என்று வினவினால், அவர் விரலை அசைத்துப் பார்த்தே விடை கூறுவார். அறிவு அவ்வளவுக்கு விரலில் இறங்கிவிடுகிறது.

இத்தகைய விசைகளின் தொடக்கத்தை 1970களிற் காண்கிறோம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் டீகோ என்னும் உரைத்தொகுப்பி வழங்கியது. உரைத்தொகுப்பி என்பது எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்குமான மென்பொருள். டீகோவைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கட்டளைகளைத் தாமே ஆக்கி, தாம் விரும்பிய விசைகளுக்கு அவற்றைப் பொருத்திக்கொண்டனர். இச்சுதந்திரம் நன்மையோடு ஒரு தீமையையும் கொணர்ந்தது. ஒருவருடைய விசைகள் மற்றவருக்கு விளங்கவில்லை. ஒருவர் இருக்கையில் மற்றவர் அமர்ந்து வேலை செய்வது அரிதாயிற்று. 1976இல் கை ஸ்டீல் என்பவர் இவ்வேறுபாடுகளை ஒன்றுபடுத்தும் வேலையைத் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதனை முன்னெடுத்து நிறைவேற்றினார். ஈமாக்ஸ் என்னும் புகழ்பெற்ற உரைத்தொகுப்பி பிறந்தது இவ்வாறே.

அதே ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜோய் என்னும் மாணவர் வீ-ஐ என்னும் மற்றொரு தொகுப்பியை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறி விசைகள் தனியே இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளின் மீதே இடம், கீழ், மேல், வலம் என்னும் அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்நான்கு விசைகளே திரையில் இடம்பெயர்வதற்கு உரியனவாயின. அந்த முனையம் வழக்கொழிந்து நெடுங்காலமாகிறது. ஆயினும் பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் என்னும் தொகுப்பியில் அந்நான்கு விசைகளும் அதே தொழிலைச் செய்கின்றன. ஜிமெயில் என்னும் அஞ்சற் சேவையிற் குறுக்குவிசைகளை இயக்கிக்கொண்டவர்கள் ஜே, கே விசைகளாலேயே ஒரு கடிதத்திலிருந்து அடுத்த கடிதத்துக்குச் செல்கின்றனர். பொறி மறைந்தது, அது கற்பித்த பழக்கம் நிலைத்தது.

மேற்கூறிய இரண்டும் கணினித் துறையினரிடை வழங்கியவை. எழுத்தாளர், செயலாளர், வழக்கறிஞர் முதலிய பிறரிடையே விசைப்பழக்கத்தைப் பரப்பிய பெருமையிற் பெரும்பங்கு 1978இல் தோன்றிய வேர்ட்ஸ்டார் என்னும் மென்பொருளுக்கு உரியது. மைக்ரோப்ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய சீமோர் ரூபின்ஸ்டைனுக்காக ரொப் பார்னபி என்னும் நிரலர் அதனை எழுதினார். அக்காலத்துப் பல விசைப்பலகைகளிற் கொன்ட்ரோல் என்னும் கட்டுப்பாட்டு விசை ஏ எழுத்துக்கு இடப்புறத்தில், சிறுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனை அழுத்திக்கொண்டு ஈ விசையைத் தட்டினால் மேல்வரிக்கும், எக்ஸ் விசையைத் தட்டினாற் கீழ்வரிக்கும் செல்லலாம். எஸ் இடப்பக்கம் நகர்த்தும். டீ வலப்பக்கம் நகர்த்தும். விசைப்பலகையை உற்று நோக்கினால் இந்நான்கும் ஒரு சாய்சதுரத்தின் நான்கு மூலைகள் போல் அமைந்திருக்கக் காண்போம். அவற்றுக்கு அப்பால் இரு புறமும் உள்ள ஏ, எஃப் விசைகள் ஒரு சொல்லளவு தாண்டின. ஆர், சீ விசைகள் ஒரு திரையளவு மேலுங் கீழும் கொண்டு சென்றன. எழுத்தின் பெயரை மனனஞ் செய்ய வேண்டியதில்லை; இடத்தை விரல் அறிந்தாற் போதும். கையை எழுத்து வரிசையிலிருந்து எடுக்காமலே எல்லாம் நிறைவேறின.

இம்மென்பொருளுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க், 2010 என்னுந் தலைப்பில் 1982இல் வெளிவந்த தமது நாவலை வேர்ட்ஸ்டாரிலேயே எழுதினார். முழு நூலும் ஒரே சிறு காந்தத் தட்டிற் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்குச் சென்றது. இறுதித் திருத்தங்கள் பாதுக்கையிலுள்ள பூமி நிலையத்தின் வழியாகச் செய்மதி மூலம் அனுப்பப்பட்டன. அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்டின், தாம் இன்னமும் பழைய கணினி ஒன்றில் வேர்ட்ஸ்டாரின் நான்காம் பதிப்பைக் கொண்டே எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியிற் கூறினார். பழகிய கருவியையே விடாது வைத்துக்கொள்வது ஒரு வழி. எல்லோருக்கும் அவ்வழி வாய்ப்பதில்லை. அலுவலகம் மாறும்; கணினி பழுதாகும்; புதிய தேவைகள் எழும். கருவியை மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையிற் பழக்கத்தையாவது உடன்கொண்டு செல்ல இயலுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஆம் என்று விடையளித்த நிறுவனங்களுள் ஒன்று கலிபோர்ணியாவைச் சேர்ந்த போர்லாண்ட். 1983இல் அது டேர்போ பஸ்கால் என்னும் நிரலாக்க மென்பொருளை 49.95 டொலர் விலைக்கு வெளியிட்டது. நிரல் எழுதுவதற்காக அதனுள்ளே ஓர் உரைத்தொகுப்பி இருந்தது. அத்தொகுப்பிக்குத் தானே புதிய விசைகளை வகுத்துக்கொள்ளாமல், வேர்ட்ஸ்டாரின் விசைகளையே போர்லாண்ட் அமைத்தது. வேர்ட்ஸ்டார் அறிந்த ஒருவர் டேர்போ பஸ்காலைத் திறந்த முதல் நாளிலேயே தயங்காமல் எழுதத் தொடங்கலாம். அறியாதவர்க்கோ அவ்விசைகளை மாற்றி அமைத்துக்கொள்ளவும் வசதி செய்யப்பட்டிருந்தது. இவ்வழியாக, வேர்ட்ஸ்டாரை ஒருபோதும் கண்டிராத மாணவர் பலர் வேர்ட்ஸ்டாரின் விசைகளைக் கற்றுக்கொண்டனர்.

வேர்ட்ஸ்டாரின் சொந்த நிறுவனமோ எதிர்த்திசையில் நடந்தது. 1980களின் நடுப்பகுதியில் அது வேர்ட்ஸ்டார் 2000 என்ற புதிய மென்பொருளை வெளியிட்டது. பெயர் பழையது, விசைக்கட்டளைகள் வேறு, கோப்பின் அமைப்பும் வேறு. பழைய பயனாளர் பலர் அதனை ஏற்கவில்லை. இதற்கிடையில் அந்நிறுவனத்தில் முன்னர் பணியாற்றியவர்கள் நியூஸ்டார் என்னும் நிறுவனத்தில் நியூவேர்ட் என்ற மென்பொருளை உருவாக்கினர். அது பழைய வேர்ட்ஸ்டாரின் விசைகளை அவ்வாறே பின்பற்றியது. ஈற்றில் மைக்ரோப்ரோ நியூஸ்டாரையே விலைக்கு வாங்கி, நியூவேர்ட்டை அடிப்படையாகக் கொண்டு 1987இல் வேர்ட்ஸ்டார் நான்காம் பதிப்பை வெளியிட்டது. தன் வாடிக்கையாளரின் கைப்பழக்கத்தைத் தானே மதியாத நிறுவனம், அதனை மதித்த பிறரிடமிருந்து விலைகொடுத்து மீட்க வேண்டியதாயிற்று.

உடன்கொண்டு செல்வது எப்போதும் எளிதென்று கொள்ளலாகாது. ஒரே விசைக்கு இரு தொழில் உரிமை கோரும் இடங்கள் உண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் வெட்டல், பிரதிசெய்தல், ஒட்டல் என்னும் மூன்றுக்கும் எக்ஸ், சீ, வீ விசைகள் உரியனவாயிருப்பதை யாவரும் அறிவர். லரி டெஸ்லர் முதலியோர் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1970களில் வளர்த்த கருத்துகள் 1983இல் அப்பிள் நிறுவனத்தின் லீசா கணினியில் இவ்விசைகளைப் பெற்றன. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 கொன்ட்ரோல் விசையோடு அவற்றைச் சேர்த்து எங்கும் பரப்பிற்று. வேர்ட்ஸ்டாரிற் பழகியவருக்கோ கொன்ட்ரோலும் எக்ஸும் கீழ்வரிக்குச் செல்லும் வழி. கொன்ட்ரோலும் சீயும் அடுத்த திரைக்குச் செல்லும் வழி. புதிய மென்பொருளில் அவர் ஒரு பகுதியைத் தெரிவுசெய்துவிட்டுக் கீழே இறங்க எண்ணி விசையைத் தட்டினால் அப்பகுதி திரையிலிருந்து மறைந்துவிடும். ஒன்றுக்கு இடங்கொடுத்தால் மற்றொன்று வெளியேற வேண்டும். ஆகவே எதனை உடன்கொள்வது, எதனைக் கைவிடுவது என்ற தெரிவு பயனாளர் ஒவ்வொருவருக்கும் ஏற்படுகிறது.

இனி வழக்குக்கு வருவோம். அது விரிதாள் மென்பொருள் பற்றியது. ஆயினும் அதன் தீர்ப்பு எழுதுவோர் யாவரையும் தொடுவது. விரிதாள் என்பது கட்டங்களிற் கணக்கு வைக்கும் மென்பொருள். 1983 சனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரைவிலேயே அத்துறையில் முதலிடம் பெற்றது. அதிற் சாய்கோட்டு விசையைத் தட்டினாற் கட்டளைப் பட்டியல் தோன்றும். பின்னர் கட்டளையின் முதலெழுத்தைத் தட்டினாற் போதும். இவ்வாறு 469 கட்டளைகள் ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டியல்களில் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன. கணக்காளர்கள் இந்த எழுத்து வரிசைகளை விரலாற் கற்றனர். அடிக்கடி செய்யும் வேலைகளுக்கு அவ்வெழுத்துகளையே கோவையாக எழுதிச் சேமித்தும் வைத்தனர். வேறொரு விரிதாளுக்கு மாறினால், கற்றதோடு தாம் எழுதி வைத்த கோவைகளும் பயனற்றுப்போகும்.

டேர்போ பஸ்காலை வெளியிட்ட அதே போர்லாண்ட் 1987இற் குவாட்ரோ என்னும் விரிதாளை வெளியிட்டது. அதற்கெனச் சொந்தப் பட்டியல் ஒன்று இருந்தது. அதனோடு, விரும்பியவர்கள் லோட்டஸின் கட்டளை வரிசைப்படியே வேலை செய்யவும் ஒரு வழி வைக்கப்பட்டது. லோட்டஸின் நிரலிலிருந்து ஒரு வரியையேனும் போர்லாண்ட் எடுக்கவில்லை. கட்டளைச் சொற்களையும் அவற்றின் ஒழுங்கையும் மாத்திரமே எடுத்தது. வேர்ட்ஸ்டாரின் விசைகளை எடுத்தபோது கைக்கொண்ட அதே முறை இது. இம்முறை லோட்டஸ் நீதிமன்றத்தை நாடியது. 1990இற் பதிப்புரிமை மீறல் வழக்குத் தொடரப்பட்டது. பொஸ்டனில் நீதிபதி ரொபேட் கீட்டன் லோட்டஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். போர்லாண்ட் அவ்வசதியை நீக்க நேர்ந்தது.

லோட்டஸின் பக்கத்து நியாயத்தையும் நாம் புறக்கணித்தலாகாது. நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்குப் பெயரிட்டு, எது முன் எது பின் என்று வகுத்து, மக்கள் எளிதிற் கற்கும்படி ஆக்குவது அற்ப வேலையன்று. அதற்கு உழைத்தவன் பயன்பெறும் முன்னர் மற்றவன் அதனை எடுத்துக்கொண்டால், அடுத்த முறை யார் உழைப்பார்? எழுத்தாளனின் நூலைக் காக்கும் சட்டம் இதனையும் காக்க வேண்டுமென்பதே அவர்கள் வாதம்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995 மார்ச் மாதத்தில் அத்தீர்ப்பை மாற்றிற்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி நோர்மன் ஸ்டால், இக்கட்டளை ஒழுங்கு ஒரு பொறியை இயக்கும் முறையேயாகும் என்றார். ஒளிப்பதிவுக் கருவியிற் பதி, ஓட்டு, நிறுத்து என்று வரிசையாக உள்ள பொத்தான்களை அவர் உவமை காட்டினார். அப்பொத்தான்களின் ஒழுங்கை எவரும் இலக்கியமென்று உரிமை கோர முடியாது. லோட்டஸின் கட்டளை ஒழுங்கும் அத்தகையதே. உடன்பட்டுத் தனியே கருத்தெழுதிய நீதிபதி மைக்கல் பூடின் நம் கேள்வியின் மையத்தைத் தொட்டார். தட்டெழுத்துப் பொறியின் எழுத்து வரிசைக்கு ஒருவர் தனியுரிமை பெற்றிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். பட்டியலைக் கற்பதற்கு நேரத்தையும் முயற்சியையும் செலவிட்டவர்கள் பயனாளர், லோட்டஸ் அன்று. அவர்கள் இட்ட முதலீட்டைக் கொண்டே அவர்களைச் சிறைப்படுத்துவது முறையாகாது என்பது அவர் கருத்தின் சாரம்.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, எஞ்சிய எண்மரும் நால்வர் ஒரு புறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். 1996 சனவரி 16ஆந் திகதி, காரணங் கூறாமலே, மேன்முறையீட்டுத் தீர்ப்பு நிலைநிறுத்தப்பட்டது. போர்லாண்ட் வென்றது. ஆனால் அதற்கு முன்னரே, 1994இல், அது தன் விரிதாளை நோவெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. லோட்டஸை 1995இல் ஐபிஎம் வாங்கியது. 1-2-3 மென்பொருளுக்கான ஆதரவு 2014இல் முடிவுற்றது. வழக்காடிய இருவருக்கும் பொருள் மிஞ்சவில்லை. கற்றவர்களின் கைப்பழக்கம் மாத்திரம் மிஞ்சிற்று. இன்றைய எக்ஸெல் விரிதாளிலும், லோட்டஸ் கற்பித்தபடி, சாய்கோட்டு விசையைத் தட்டிக் கட்டளைகளுக்குச் செல்லும் வசதி உண்டு.

அதன்பின் பழக்கத்தைப் பேணுதல் பொது வழக்காகியது. வேர்ட்பேர்பெக்ட் என்னும் மென்பொருளிலிருந்து வருவோர்க்காக மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் வேர்ட் மென்பொருளிலே, பழைய விசைகளுக்கு ஈடான புதிய வழிகளைக் காட்டும் உதவியை 1990களில் வைத்திருந்தது. அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் உரைத்தொகுப்பிக்கு விம், ஈமாக்ஸ், சப்லைம், அட்டம் ஆகியவற்றின் விசைகளைப் பொருத்தித் தரும் இணைப்புகள் கிடைக்கின்றன. 2022 திசெம்பரில் அட்டம் தொகுப்பி நிறுத்தப்பட்டபோது அதனைப் பயன்படுத்தியவர்கள் தம் விசைகளோடேயே புதிய இடத்துக்குக் குடிபெயர முடிந்தது.

தமிழர்க்கும் இவ்வனுபவம் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடிகளில் ஒருவர். நெடுங்காலம் வழங்கிய தமிழ்த் தட்டெழுத்துப் பலகையின் நடுவரிசை ய, ள, ன, க என்று தொடங்கும். தட்டெழுத்து வகுப்பில் முதற் பாடமும் அதுவே. கணினி வந்தபோது இலங்கையிற் பெரிதும் பரவிய பாமினி எழுத்துரு அந்நடுவரிசையை மாற்றாமல் ஏற்றது. பின்னர் யுனிக்கோட் வந்தது. எழுத்துகளின் உள்ளமைப்பு முற்றாக மாறிற்று. ஆயினும் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் பாமினியின் விசைமுறையையே யுனிக்கோட்டுக்கும் வழங்கின. பொறியிற் பழகிய விரல் இரு பெரும் மாற்றங்களையும் கடந்து அதே இடத்தில் அதே எழுத்தைத் தட்டியது. அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், எத்தனையோ அனுபவமிக்க தட்டெழுத்தாளர் தம் நடுவயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேர்ந்திருக்கும். பலர் தொடங்காமலே விலகியிருப்பர்.

பழக்கத்தைப் பேணுதல் புதுமையை மறுத்தலாகாது. நாள்தோறும் நூறு முறை கை செய்யும் செயல்களுக்குப் பழைய விசைகளை உடன்கொள்ளலாம்; எப்போதாவது செய்பவற்றைப் புதிதாகக் கற்கலாம். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியிற் பொதுவிசைகளை மாற்றாதிருத்தல் நன்று; இல்லையேல் அன்று டீகோ அறையில் நேர்ந்த குழப்பமே மீண்டும் நேரும். ஓர் அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ புதிய மென்பொருளைத் தெரிவுசெய்வோர் அதன் விலையையும் அழகையும் பார்ப்பதோடு, இங்குள்ளோர் கற்றவற்றை அதனுள் கொண்டுசெல்ல வழி உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். மென்பொருளின் விலை விலைப்பட்டியலில் அச்சாகி வருகிறது. ஓர் எழுதுவினைஞர் பத்தாண்டு உழைத்துப் பெற்ற விரல்வேகத்தின் விலை எங்கும் அச்சாவதில்லை. கருவி செய்தவனுக்குக் கருவியின் விலை உரியது. அதனைக் கற்ற உழைப்பு கற்றவனுக்கே உரியது. அவன் போகுமிடமெல்லாம் அது அவனோடு செல்லட்டும்.